குழந்தையின் தாடை மூட்டைப் பரிசோதிப்பது எப்படி? முதல் கேள்வியிலிருந்து ஸ்கேன் வரை

ஒன்பது வயதுப் பெண். சொத்தைப் பல் அடைக்க அழைத்து வந்திருந்தார்கள். "சோத்த வாயிலயே வெச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் உக்காந்திருப்பா டாக்டர், அவ்ளோ சோம்பேறி" என்றார் அம்மா. வாயைத் திறக்கச் சொன்னேன். மோவாய் நேராக இறங்கிக்கொண்டே வந்து, கடைசியில் இடப்பக்கம் ஒதுங்கியது. ஸ்கேலை வைத்து அளந்தேன், 31 மில்லிமீட்டர். வலிக்குதா பாப்பா என்றால் இல்லை என்று தலையாட்டினாள். வேறு மூட்டு ஏதாவது வீங்கியதுண்டா என்று கேட்ட பிறகுதான், போன வருடம் முழங்கால் வீங்கி, எங்கோ விழுந்திருப்பாள் என்று தைலம் தேய்த்துவிட்ட கதை வெளியே வந்தது. குழந்தைகள் மூட்டுவாத மருத்துவரிடம் அனுப்பினோம். எம்ஆர்ஐயில் இடது தாடை மூட்டில் அழற்சி தெரிந்தது.

அதற்கு முன் இரண்டு இடங்களில் அவளுக்குப் பல் பார்த்திருக்கிறார்கள். வாய் எவ்வளவு திறக்கிறது என்று யாரும் அளக்கவில்லை. அளப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. சிறு ஊர்களில் தனியாகக் கிளினிக் நடத்தும் இளம் பல் மருத்துவர்களையும் குழந்தை மருத்துவர்களையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பெற்றோரும் படிக்கலாம். பாதிப் பரிசோதனை சாப்பாட்டுத் தட்டின் முன்னால் வீட்டிலேயே நடந்துவிடுகிறது.

மூட்டைப் பற்றி முதலில்

காதுத் துவாரத்துக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். ஒரு குமிழ் நழுவி முன்னே போய்த் திரும்புவது தெரியும். அதுதான் கீழ்த்தாடையின் தலைப்பகுதி, காண்டைல். கபால எலும்பில் அதற்கென ஒரு குழி, இரண்டுக்கும் நடுவே டிஸ்க் என்ற நார்த்தட்டு. வாய் திறக்கும்போது காண்டைல் முதலில் சுழலும், பிறகு முன்னே சறுக்கும். மாசெட்டர், டெம்போராலிஸ் முதலிய தசைகள் தாடையை மேலே இழுத்து மூடுகின்றன. முன்னது கன்னத்தில் இருக்கிறது, பின்னது பொட்டில்.

பிறந்த குழந்தைக்கு அந்தக் குழி கிட்டத்தட்ட தட்டையாகவே இருக்கும். பற்கள் முளைத்து மெல்லத் தொடங்கிய பிறகுதான் ஆழமாகிறது. இன்னொரு விஷயம் மிக முக்கியமானது. முழங்காலில் எலும்பை வளரச் செய்யும் தட்டு மூட்டுப் பரப்பிலிருந்து தள்ளி இருக்கிறது. காண்டைலிலோ வளர்ச்சிக் குருத்தெலும்பு மூட்டுப் பரப்புக்கு நேர் கீழே, மெல்லிய ஒரு படலத்தின் அடியில் கிடக்கிறது. மூட்டுக்குள் புகையும் அழற்சி நேராக வளர்ச்சியைத் தொட்டுவிடும். பெரியவருக்கு வலியோடு போகும் நோய், குழந்தைக்கு முகத்தின் வடிவத்தையே மாற்றிவிடுகிறது.

கேட்பது: அம்மாவிடம் பிறகு, குழந்தையிடம் முதலில்

"எங்க வலிக்குது, ஒரே ஒரு விரலால காட்டு கண்ணா." இதுதான் என் முதல் கேள்வி. காதுக்கு முன்னால் விரல் நுனியை வைத்தால் மூட்டை நினைப்பேன். உள்ளங்கையைக் கன்னத்தில் பரப்பினால் தசையை நினைப்பேன். வாய்க்குள் விரலை விட்டால் பல்லைத் தேடுவேன். இது குறிப்புதான், தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பதின்வயதினரிடம் ஸ்வீடனில் வழக்கமாகக் கேட்கும் இரண்டு கேள்விகள் நமக்கும் அப்படியே பொருந்தும். பொட்டு, முகம், தாடை மூட்டு, தாடை, இவற்றில் எங்காவது வாரம் ஒரு முறையாவது வலிக்கிறதா? வாயைப் பெரிதாகத் திறக்கும்போதோ மெல்லும்போதோ வாரம் ஒரு முறையாவது வலிக்கிறதா? மூன்றாவதாக, தாடை எப்போதாவது பூட்டிக்கொள்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

சிறு குழந்தைக்கு "வாரம் ஒரு முறை" என்பது புரியாது. "பொங்கல் லீவுக்கு அப்புறம் வலிச்சுதா? நேத்து சாப்பிடும்போது?" என்று அதன் நாள்களைப் பிடித்துக் கேட்க வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. டாக்டர் எதைக் கேட்டாலும் ஆமாம் என்று சொல்லும் பிள்ளைகள் நிறைய. அதனால் வலிக்க வாய்ப்பே இல்லாத ஓர் இடத்தையும் நடுவில் கேட்டு வைப்பேன். "கட்டை விரல் வலிக்குதா?" அதற்கும் ஆமாம் வந்தால் மற்ற பதில்களை அந்த அளவில் எடுத்துக்கொள்வேன். ஆறு வயதுக்குக் கீழே சொல்லை நம்புவது கடினம். அங்கே பார்ப்பதும் அளப்பதும்தான் துணை.

அம்மாவிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேளுங்கள். இட்லி இறங்குகிறது, பரோட்டா இறங்கவில்லையா? முறுக்கைக் கடிக்காமல் ஊறவைத்துச் சப்புகிறானா? ஒரே பக்கமாக மெல்கிறாளா? ஆப்பிளை முன்பல்லால் கடிக்காமல் துண்டு போட்டுத் தரச் சொல்கிறாளா? கொட்டாவி விடும்போது கன்னத்தைப் பிடித்துக்கொள்கிறானா? காலையில் தோசையைப் பிட்டுப் பிட்டு விழுங்கி, மதியம் சாதாரணமாகச் சாப்பிட்டால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். காலை இறுக்கம் மூட்டு அழற்சியின் கையெழுத்து.

அடிபட்ட கதையை எப்போதும் கேளுங்கள், இரண்டு வருடம் பின்னால் போயாவது கேளுங்கள். காதில் சீழ் வடிந்ததா, சமீபத்தில் காய்ச்சல் வந்ததா, என்ன மருந்து சாப்பிடுகிறான், வீட்டில் யாருக்காவது மூட்டுவாதம் உண்டா? நகம் கடிப்பது, பேனா மூடியை மெல்லுவது, மணிக்கணக்கில் சூயிங்கம், கையைக் கன்னத்தில் முட்டுக்கொடுத்துப் படுத்துக்கொண்டே ஃபோன் பார்ப்பது, எல்லாவற்றையும் கேளுங்கள்.

தொடுவதற்கு முன் பார்ப்பது

குழந்தையை நாற்காலியில் சாய்க்காமல் நேராக உட்கார வைத்து, உங்கள் கண் அதன் கண் உயரத்தில் இருக்கும்படி எதிரே உட்காருங்கள். மோவாயின் நடு, மூக்கின் நடுவுக்கு நேராக இருக்கிறதா? இரண்டு கன்னமும் ஒரே அளவா? பக்கவாட்டில் பார்த்தால் மோவாய் உள்வாங்கியிருக்கிறதா? பிறகு பின்னால் நின்று, தலையை லேசாக அண்ணாந்து பார்க்கச் சொல்லி, இரண்டு தாடைக் கோணங்களிலும் விரலை வைத்து உயரத்தை ஒப்பிடுங்கள். எதிரிலிருந்து தெரியாத கோணல் பின்னாலிருந்து தெரிந்துவிடும்.

அடுத்து, வாயை மெதுவாகத் திறந்து மூடச் சொல்லுங்கள். மூன்று தடவை. மோவாயின் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் பாதை துல்லியமாகத் தெரியும். பிள்ளைகளுக்கும் அது பிடிக்கும். புள்ளி ஒரு பக்கம் வளைந்து போய், முடிவில் நடுவுக்கே திரும்பினால் டிஸ்க் நழுவி மீண்டும் இடத்துக்கு வருகிறது என்று பொதுவாகக் கொள்ளலாம். ஒரு பக்கம் ஒதுங்கியவாறே நின்றுவிட்டால் அந்தப் பக்கத்து காண்டைல் முன்னே சறுக்கவில்லை. நான் சொன்ன பெண்ணுக்கு இரண்டாவதுதான் இருந்தது.

அளப்பது

எளிய சோதனை ஒன்று உண்டு. குழந்தை தன் மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடிகிறதா பாருங்கள். விரல்கள் குழந்தையுடையவையாக இருக்க வேண்டும், உங்களுடையவை அல்ல. இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகளின் எல்லா மூட்டுகளையும் சில நிமிடங்களில் பார்ப்பதற்கு உருவான பீ-கால்ஸ் பரிசோதனையில் தாடைக்கென வைத்திருப்பது இதைத்தான். பள்ளி முகாம்களில் இதுவே போதும்.

கிளினிக்கில் பிளாஸ்டிக் ஸ்கேல் வேண்டும். மேல் முன்பல்லின் விளிம்பிலிருந்து கீழ் முன்பல்லின் விளிம்பு வரை, வலியில்லாமல் எவ்வளவு, வலித்தாலும் முடிந்தவரை எவ்வளவு என்று இரண்டு அளவு. மேல்பல் கீழ்ப்பல்லை எவ்வளவு மூடுகிறது என்பதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆறேழு வயதில் முன்பல் விழுந்து பொக்கை வாயாக இருக்குமே என்று கேட்பீர்கள். நிற்கிற ஒரு ஜோடிப் பல்லைத் தேர்ந்து, எந்தப் பல் என்று எழுதி வைத்து, அடுத்த முறையும் அங்கிருந்தே அளங்கள்.

பள்ளி வயதுப் பிள்ளைகள் பெரும்பாலோர் 40 மில்லிமீட்டரையோ அதற்கு மேலோ தொட்டுவிடுவார்கள். 35-க்குக் கீழே என்றால் நான் காரணம் தேடாமல் விடுவதில்லை. ஆனால் ஒற்றை அளவைவிட, போன முறை இருந்ததைவிடக் குறைந்திருக்கிறதா என்பதே பெரிய செய்தி. வளரும் பிள்ளைக்கு அது கூட வேண்டுமே தவிரக் குறையக் கூடாது.

குறைவாகத் திறந்தால், கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் பல்விளிம்புகளில் வைத்து மெல்லத் தள்ளிப் பாருங்கள். ரப்பர் போல விட்டுக்கொடுத்து இன்னும் சில மில்லிமீட்டர் திறந்தால் தசை இறுக்கம். சுவரில் முட்டியது போல நின்றுவிட்டால் மூட்டுக்குள் தடை. தாடையை இடமும் வலமும் நகர்த்தச் சொல்லி அதையும் அளங்கள். இரண்டு பக்கமும் சமமா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

தொட்டுப் பார்ப்பது

1992-ல் ஆராய்ச்சிக்கென உருவான தாடை மூட்டு நோய் அளவுகோல்கள் 2014-ல் கிளினிக்கிலும் பயன்படும்படி டிசி/டிஎம்டி என்ற பெயரில் திருத்தப்பட்டன. அது பெரியவர்களுக்கானது. ஆறு முதல் ஒன்பது வயதுக் குழந்தைகளுக்கும், பத்து முதல் பத்தொன்பது வரையான பதின்வயதினருக்கும் ஏற்றபடி அதை மாற்றும் பணியைப் பன்னாட்டு நிபுணர்கள் செய்து, 2021-ல் முதல் பகுதியை வெளியிட்டார்கள். இதில் நான் பொன்னாக மதிக்கும் ஒரு விஷயம், "பழக்கமான வலி" என்ற கருத்து. அழுத்தினால் யாருக்கும் கொஞ்சம் வலிக்கும். "வீட்ல வலிக்குதுன்னு சொல்வியே, அது இதுதானா?" என்று கேட்க வேண்டும். ஆமாம் என்றால்தான் அது கணக்கு.

பெரியவர்களுக்குத் தசையில் 1 கிலோ அழுத்தம், காண்டைலின் வெளிப்பக்கத்தில் அரைக் கிலோ. இதைக் கை பழகச் சமையலறையின் டிஜிட்டல் தராசு போதும். அதன்மேல் விரல் நுனியை வைத்து 1000 கிராம் வரும்வரை அழுத்திப் பாருங்கள். ஒரு வாரம் காலையில் பத்துத் தடவை செய்தால் கை தானே அறியும். சின்னப் பிள்ளைகளிடம் இதைவிட மெதுவாகத் தொடங்குங்கள். முதலில் அதன் கை முதுகில் அழுத்தி, "இப்படித்தான் அமுக்குவேன், சரியா?" என்று காட்டிவிட்டு முகத்துக்குப் போங்கள்.

பல்லைக் கடிக்கச் சொன்னால் மாசெட்டர் புடைத்துத் தெரியும். தளர விட்டபின் மேலிருந்து தாடைக் கோணம் வரை அழுத்துங்கள். பொட்டில் டெம்போராலிஸை முன், நடு, பின் என மூன்றாகப் பாருங்கள். அங்கே அழுத்தும்போது, "எனக்கு வர்ற தலைவலி இதேதான்" என்று பிள்ளை சொன்னால் பல மாதத் தலைவலியின் வேர் கிடைத்தது போல. வாந்தி, வெளிச்சம் பிடிக்காமை, இருட்டறையில் படுத்தால் சரியாவது என்று வந்தால் மைக்ரேனையும் யோசியுங்கள். இரண்டும் ஒரே பிள்ளைக்கு இருக்கக்கூடும். கடைசியாக, காதுக்கு முன்னால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் விரல் வைத்துத் திறந்து மூடச் சொல்லி மூட்டைத் தொட்டுப் பாருங்கள்.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பதின்வயதில் 'டக்' என்ற சொடக்குச் சத்தம் மிகச் சாதாரணம். வலி இல்லை, பூட்டிக்கொள்வதில்லை என்றால் அதற்கு வைத்தியம் வேண்டாம் என்று சொல்லிப் பயத்தைப் போக்கினால் போதும். மணலில் நடப்பது போன்ற நறநற ஒலி வேறு விஷயம். அது பரப்பு தேய்ந்ததைச் சொல்கிறது, குழந்தையின் மூட்டில் அந்த ஒலி வந்தால் மேற்கொண்டு ஆராய்ந்தே ஆக வேண்டும்.

தாடை மூட்டு என்று சொல்வதற்கு முன்

முதலில் பல். ஆழமான சொத்தை, ஈறில் சீழ், ஆறு வயதில் முளைக்கும் கடைவாய்ப் பல், பதினேழில் ஞானப்பல் மேல் வீங்கிய ஈறு. அடுத்துக் காதும் தொண்டையும். காதுமடலைத் தூக்கியபடி கன்னமும் தாடைக் கோணமும் வீங்கிக் காய்ச்சல் இருந்தால் பொன்னுக்கு வீங்கி. வாய் திறக்க முடியாமல், எச்சில் ஒழுகி, குரலும் மாறினால் டான்சிலுக்குப் பின்னே சீழ் கட்டியிருக்கலாம், அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்க்க வேண்டும். தடுப்பூசி போடாத பிள்ளைக்குத் தாடை பூட்டினால் ரணஜன்னியை (டெட்டனஸ்) மறக்காதீர்கள். வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு கொடுத்த சில மணி நேரத்தில் தாடை கோணி, கழுத்து திருகி, கண் மேலே செருகினால் அது மருந்தின் விளைவு. பார்க்கவே பயமாக இருக்கும், மாற்று மருந்தில் சீக்கிரம் அடங்கிவிடும்.

நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. பெட்டிக்கடையில் வாங்கும் பாக்குப் பொட்டலம். பதின்மூன்று வயதுப் பையன் வாய் திறக்கவில்லை என்று வந்தால் கன்னத்தின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெளிறிப்போய், கயிறு போன்ற பட்டைகள் தட்டுப்பட்டு, காரம் பட்டாலே எரிகிறது என்றால் அது பாக்கு தின்றதால் சளிச்சவ்வு இறுகும் நோய். பெற்றோரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டால் உண்மை வரும்.

தூக்கத்தில் பல் நறநறவெனக் கடிப்பதை "வயித்துல பூச்சி" என்று சொல்லும் வழக்கம் இன்னும் போகவில்லை. பூச்சிக்கும் அதற்கும் முடிச்சுப் போட வேண்டாம். சிறு பிள்ளைகளில் இது ஏராளம், வளர வளரக் குறையும், இதை மட்டும் வைத்து மூட்டு நோய் என்று சொல்ல முடியாது. கூடவே குறட்டை இருந்தால் மூக்கடைப்பையும், மூக்கின் பின்னால் வளரும் அடினாய்டு சதையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

தவறவிடக் கூடாத இரண்டு

முதலாவது, சிறார் மூட்டழற்சி. 16 வயது நிறைவதற்கு முன் தொடங்கி, ஆறு வாரத்துக்கு மேல் நீடித்து, வேறு காரணம் எதுவும் கிடைக்காத மூட்டு வீக்கத்துக்கு இந்தப் பெயர். இது தாடை மூட்டைத் தொடும்போது பெரும்பாலும் ஓசையில்லாமல் வருகிறது. வலி இருக்காது, வெளியே வீக்கம் தெரியாது, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி அளவுகளும் சரியாகவே இருக்கலாம். ரத்தத்தில் முடக்குவாதக் காரணி (ஆர்ஏ ஃபேக்டர்) 'இல்லை' என்று ரிப்போர்ட் வந்ததை வைத்து நோய் இல்லை என்று அனுப்பிவிடுவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. இந்த நோயுள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அது இல்லாமல்தான் இருக்கும்.

கிடைக்கும் தடயங்கள் சில. திறக்கும் அளவு குறைவது, மோவாய் ஒரு பக்கம் ஒதுங்குவது, மோவாய் உள்வாங்குவது, முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விழுவது. தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரேயில் காண்டைல் தட்டையாகத் தெரிந்தால் நாம் தாமதமாக வந்திருக்கிறோம். சேதத்துக்கு முன்பே அழற்சியைக் காட்டுவது கடோலினியம் ஊசி போட்டு எடுக்கும் எம்ஆர்ஐ. சந்தேகம் வந்தால் குழந்தைகள் மூட்டுவாத மருத்துவரிடமும், கூடவே கண் மருத்துவரிடமும் அனுப்புங்கள். இதே நோய் கண்ணுக்குள்ளும் சிவக்காமல், வலிக்காமல் அழற்சியை உண்டாக்கும், அதைக் கண் மருத்துவரின் ஸ்லிட் லேம்ப் கருவியில் பார்த்தால்தான் தெரியும். ஏற்கெனவே இந்த நோய்க்கு மருந்து சாப்பிடும் பிள்ளை வேறெதற்கு வந்தாலும் தாடையை அளந்துவிட்டே அனுப்புங்கள்.

இரண்டாவது, மோவாயில் தையல். சைக்கிளிலிருந்தோ ஊஞ்சலிலிருந்தோ குப்புற விழுந்து மோவாய் கிழிந்த குழந்தைக்குக் காயத்தைத் தைத்து, டிடி ஊசி போட்டு அனுப்பிவிடுகிறோம். அடி வாங்கியது மோவாய், அதன் விசை போய்ச் சேரும் இடம் காண்டைல். தைப்பதற்கு முன் காதுக்கு முன்னால் தொட்டுப் பாருங்கள், வாயைத் திறந்து மூடச் சொல்லுங்கள், பற்கள் பழையபடி பொருந்துகின்றனவா என்று கேளுங்கள். ஒரு பக்கம் முறிந்திருந்தால் திறக்கும்போது மோவாய் அந்தப் பக்கமே போகும். இரண்டு பக்கமும் முறிந்திருந்தால் முன்பற்கள் சேராமல் நிற்கும்.

தவறவிட்டால் மூட்டுக்குள் தேங்கிய ரத்தம் எலும்பாக இறுகி, தாடை மெல்ல மெல்ல ஒட்டிப்போகலாம். ஐந்து வயதுக்குக் கீழே இந்த ஆபத்து அதிகம். காதுச் சீழ் மூட்டுக்குள் பரவியும் இப்படி ஆவதுண்டு. ஒட்டிப்போன குழந்தையின் முகம் ஏமாற்றும். நோயுள்ள பக்கம் உருண்டு நன்றாக இருப்பது போலவும், நல்ல பக்கம் தட்டையாகச் சப்பிப்போனது போலவும் தெரியும். மோவாய் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதுவே நோயுள்ள பக்கம். இரவில் குறட்டையும் மூச்சுத் திணறலும் உண்டா என்று கட்டாயம் கேளுங்கள்.

படம் எப்போது

எல்லாருக்கும் வேண்டாம். வலி தசையில்தான், திறப்பு சரியாக இருக்கிறது, முகம் சமம் என்றால் படமே எடுக்காமல் சில வாரம் பார்க்கலாம். எலும்பைப் பற்றிச் சந்தேகம் என்றால் ஓபிஜி. முறிவும் ஒட்டுதலும் உறுதியாகத் தெரிய, எலும்பை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி அல்லது சிடி ஸ்கேன். டிஸ்க்கும் அழற்சியும் என்றால் எம்ஆர்ஐ. வளரும் குழந்தைக்குக் கதிர்வீச்சைக் கொடுக்கும் முன், இந்தப் படம் என் வைத்தியத்தை மாற்றுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மனமும் தூக்கமும்

பருவ வயதுக்குப் பிறகு பெண் பிள்ளைகளில் தசைவலி கூடுகிறது. பரீட்சை, தூக்கக் குறைவு, வீட்டுச் சண்டை, வகுப்பில் கேலி, எல்லாம் தாடையில் வந்து இறுகும். டிசி/டிஎம்டியின் இரண்டாவது அச்சு, அதாவது மனநிலையைக் கேட்டறியும் பகுதி, முழுக்க இதற்காகவே. "டென்ஷன்தான், ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிடாதீர்கள். அந்த வலி உண்மையான வலி. முகத்திலும் காதிலும் காரணம் பொருந்தாத காயங்கள் இருந்தால் குழந்தையிடம் தனியாகப் பேசுங்கள், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பயன்படுத்துங்கள்.

எழுதி வைப்பது

அட்டையில் தேதி, திறக்கும் அளவு, எந்தப் பல்லிலிருந்து அளந்தது, மோவாய் ஒதுங்கும் பக்கம், பழக்கமான வலி வந்த இடம். நேரே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டு புகைப்படம். எந்த வகை நோய் என்று உறுதியாகாத வரை பல்லை ராவுவது, மூட்டு சரியாகிவிடும் என்று கிளிப் போடுவது போன்ற, திரும்பப் பெற முடியாத எதையும் செய்யாதீர்கள். கிளிப் மாட்டுவது இந்த நோயைக் கொண்டுவருவதும் இல்லை, தீர்ப்பதும் இல்லை.

உதடோ மோவாயோ மரத்துப்போவது, காதுக்கு முன்னால் காய்ச்சலோடு வீக்கம், எடை குறைவது, தூக்கத்தைக் கலைக்கும் வலி, வாரத்துக்கு வாரம் குறையும் திறப்பு, திடீரென மாறிய கடி. இவற்றில் ஒன்று இருந்தாலும் "அடுத்த மாசம் வாங்க" என்று சொல்லக் கூடாது.

மோவாயில் அடிபட்ட பிள்ளையை நான் ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று வரச் சொல்கிறேன். இடையில் அளப்பதை வீட்டில் ஒப்படைக்கிறேன். ஐஸ்கிரீம் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, முன்பற்களுக்கு இடையே எத்தனை நுழைகிறது என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் காலண்டரில் குறித்து வைக்க வேண்டும். எண்ணிக்கை இரண்டு வாரம் தொடர்ந்து குறைந்தால் அப்பாயின்ட்மென்ட் தேதிக்குக் காத்திருக்காமல் குழந்தையை அழைத்து வாருங்கள் என்று அந்தக் காலண்டரின் மேலேயே எழுதிக் கொடுக்கிறேன்.